நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். நீங்க ஓட்டாம வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் குறை." இப்படிச் சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகிவிட்டது. தெய்வசிகாமணிக்கு இன்னும் காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது. ஓட்டாமல் வைத்திருப்பது ஒரு குறையா? திருச்சி ரோட்டில் இருக்கும் இந்தச் சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில், ஏசி நேராகப் பிடரியில் அடிக்கிற இடமாகப் பார்த்துப் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து, அவர் மனசுக்குள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஏம்மா, உனக்கு என்ன, ஒரு முப்பது வயசு இருக்குமா? சட்டையில் ரெஹானா என்று பேர் குத்தியிருக்கிறாய், கையில் ஒரு பலகை வைத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாய், அறுபத்தொரு வயசுக்காரனை நிற்கவைத்து உன் வண்டியை நீயே கெடுத்தாய் என்கிறாய். நான் கெடுத்தேனா? திண்டுக்கல் நூல் மில்லில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். பேரிங், ஸ்பிண்டில், பெல்ட் என்று ஆயிரத்துச் சொச்சம் சாமான். ஒன்றில் துரு இருந்தது என்று எந்த மேனேஜராவது விரலை நீட்டியிருப்பானா? கிரீஸ் தடவி, காகிதம் சுற்றி, நூல் கட்டி, அலமாரியில் வைத்தால் வைத்தபடி இருக்கும். அந்தக் கை பார்த்த வண்டி இது. தினமும் காலையில் ஆறு மணிக்குத் துணி மேலுறையை மடித்து, மழை மேலுறையைத் தனியாக மடித்து, ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று என்று துடைத்து, போர்ட்டிகோவிலேயே பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, அந்த உறுமலை நின்று கேட்டு, அணைத்து, மறுபடி மூடி வைப்பார். வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதுசாகக் கட்டி, அபிராமி அம்மன் கோயில் வரைக்கும் ஒரு ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு ஒரு ஓட்டம். நாற்பதுக்கு மேல் முள் போனதில்லை. மூன்று வருஷத்தில் நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் இன்னும் கிழியாமல் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நல்லா வெச்சிருக்கீங்க சார் என்று சொல்லியிருக்கக் கூடாதா? அதை விட்டுவிட்டு அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்து உதட்டுக்குள் சிரித்தாள். அவர் பார்த்துவிட்டார்.

எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். இதே வண்டி, இதே காப்பிக்கொட்டை நிறம், ஒரு மலையோடைக்குள் பாதிச் சக்கரம் முங்க, இரண்டு பக்கமும் சேறு சிதறப் பாய்ந்து போகிறது, உள்ளே அப்பன் ஆத்தாள் பிள்ளைகள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடைக்குள் எதற்கடா இறக்குகிறீர்கள், அந்தப் பக்கம் பாலம் இல்லையா? அந்தச் சேற்றை யார் கழுவுவார்கள்? சக்கரத்துக்கு மேல் வளைவுக்குள் புகுந்த மண்ணை எடுக்கக் குச்சியில் துணி சுற்றி அரை நாள் குனிந்து உட்கார வேண்டும், அது தெரியுமா இந்தப் பல்லுக்காரக் குடும்பத்துக்கு? ஏழு பேர் உட்காரலாம், எந்த ரோட்டிலும் போகலாம் என்று சொல்லித்தான் இவருக்கும் விற்றார்கள். இவர் முதலில் சின்ன வண்டிதான் பார்க்கப் போனார். மகள் யாழினிக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை உண்டாகும், வயிற்றைத் தூக்கிக்கொண்டு தாழ்வான சீட்டில் குனிந்து ஏறுவாளா என்று யோசித்ததால்தான் உயரமான வண்டி எடுத்தார். அந்த யோசனை எந்த அப்பனுக்கு வரும்? பக்கத்து சோபாவில் இருந்த ஆள் அப்போது பெரிதாகக் கொட்டாவி விட்டார். கல் குவாரி வைத்திருப்பவராம், வந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரே சொன்னார். அவருடையதும் இதே வண்டிதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, பார்த்தால் வயிறு எரியும். பம்பர் ஒரு பக்கம் தொங்கல், கதவில் நீளக் கோடு, டிக்கிக்குள் மண்வெட்டியும் டீசல் கேனும், சீட்டில் எப்போதோ தின்ற முறுக்கு. ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடியிருக்கிறது. "சும்மா ஆயில் மாத்திட்டுப் போலாம்னு வந்தேன், ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல" என்று அவர் ரெஹானாவிடம் சொன்னதும், அவள் "உங்க இன்ஜின் சூப்பரா இருக்கு சார்" என்றதும் தெய்வசிகாமணியின் காதில் விழுந்தது. இது எந்த ஊர் நியாயம்? மாட்டை அடிக்கிற மாதிரி வண்டியை அடிப்பவனுக்குச் சூப்பர், கண்ணில் வைத்துக் காப்பவனுக்குக் குறை. இயந்திரத்திலிருந்து பிடித்து வந்த காப்பியை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சர்க்கரைப் பாகு. அதையும் அப்படியே வைத்தார்.

அவள் சொன்ன விளக்கம் இதுதான். புகையில் வருகிற கரியைப் பிடித்து வைக்க உள்ளே ஒரு வடிகட்டி இருக்கிறதாம். வண்டி நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிச் சூடேறினால் அந்தக் கரி தானாக எரிந்து போய்விடுமாம். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தால் கரி சேருமே தவிர எரியாதாம். "டெய்லி நீங்க வண்டிக்கு நல்லது பண்றதா நெனச்சுக் கரியைத்தான் சார் ஊட்டியிருக்கீங்க." ஊட்டியிருக்கிறேனாம்! நேற்றுக் காலை போர்ட்டிகோவில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு, சைலன்சர் மாதிரி ஒரு படமும் அதற்குள் புள்ளிகளுமாக, எரிந்தபோது அவர் வீடே அதிரக் கத்தினார். பார்த்தியா, பார்த்தியா அரசி, என்ன கம்பெனிக்காரன் இவன், நாலு நாளில் வளைகாப்பை வைத்துக்கொண்டு வண்டி இப்படிப் பண்ணினால் நான் என்ன செய்வேன் என்று. கத்தியது உண்மை. கோபமும் உண்மைதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், குடம் இறக்கி வைத்த இடுப்பு மாதிரி, ஏதோ ஒன்று லேசானதும் உண்மை. அதை அவர் நேற்றிலிருந்து பார்க்காமலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் யாழினிக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதமும் வளையலும் கொண்டுபோய், சடங்கு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். எதில் அழைத்து வருவது? கல்யாணப் பந்தலிலேயே நாலு பேர் கேட்க அவர் சொன்ன வார்த்தை அது. என் பொண்ணு பிள்ளைத்தாச்சியா வர்றப்ப என் வண்டியில, நான் ஓட்டித்தான் வருவா. சம்பந்தி ஏகாம்பரம் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். எப்போது போன் செய்தாலும் ஒரு குத்து. "என்ன சம்பந்தி, வண்டி இன்னும் அடைகாக்குதா? குஞ்சு எப்பப் பொரியும்?" அந்த ஆளுக்கு வாய் இருக்கிறதே, அதற்குத் தனியாக டோல் போட வேண்டும். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை தெய்வசிகாமணி நேற்றே தயார் செய்துவிட்டார். என்ன சம்பந்தி பண்றது, உள்ள ஒரு பார்ட் போயிருச்சாம், சென்னையிலேருந்து வரணுமாம், பத்து நாள் ஆகுமாம், மெக்கானிக்கே கையை விரிச்சுட்டான். இன்று காலை இங்கே வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தப் பெண் என்னவென்றால் ஒரு பார்ட்டும் போகவில்லை, அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்கிறாள். என்ன படித்து வேலைக்கு வந்தாளோ.

ஓடாமல் இருந்தது அவர் குற்றமே இல்லை என்பதையும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அவர் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார். அரசிதான் ஒவ்வொரு தடவையும் காலை வாரினாள். மங்கையர்க்கரசி என்று பேர், முப்பது வருஷமாக அரசி. போன வருஷம் மணப்பாறையில் அவள் தம்பி வீட்டுப் பால்காய்ச்சு. வண்டியைக் கழுவி, டயரில் காற்று பார்த்து, முதல் நாளே பெட்டி எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. ராத்திரியெல்லாம் அவருக்கும் தூக்கம் சரியாக இல்லை, வெளியூர் போகிற நினைப்பு என்றால் யாருக்கும் அப்படித்தான். விடிந்ததும் அரசி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். "என்னங்க, முட்டி பிடிச்சுக்கிச்சு. காலை மடக்கி உக்கார முடியாது போல. பஸ்ஸுன்னா நீட்டிக்கிட்டு வருவேன்." பிறந்த வீட்டு விசேஷம், அவளே அப்படிச் சொன்னால் இவர் என்ன செய்ய? பழனிக்குப் போகலாம் என்றால் தலை சுற்றல். யாழினி வீட்டுக்குத் தனிக்குடித்தனம் வைக்கப் போனபோது கார் ஏசி ஒத்துக்காது, சளி கட்டும். அதற்கும் பஸ்தான், கிரைண்டரை மடியில் வைக்காத குறை. ஒவ்வொரு தடவையும் அவர் சத்தம் போட்டார். இதுக்கா இத்தனை பெரிய வண்டி எடுத்தேன், உன்னைக் கட்டிக்கிட்டு நான் எங்க போக முடியுது. அவள் பாட்டுக்குப் பஸ்ஸுக்குப் புளிச்சாதம் கட்டுவாள். அதிலும் பெரிய அநியாயம், போன தை மாசம் காலனிப் பெண்களோடு ஒரு வேனில் கன்னியாகுமரிக்குப் போனாள். இரண்டு நாள். படி எல்லாம் ஏறியிருக்கிறாள், கரையில் நின்று போட்டோ வேறு. வேனில் போனால் வலிக்காத முட்டி என் வண்டியில் ஏறினால் மட்டும் வலிக்குமா? என் வண்டி என்ன பாவம் செய்தது? இதைக் கேட்டே விட்டார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அது என்னமோ அப்படித்தான் வலிக்குதுங்க" என்றாள். ஒரு நியாயமான பதிலா அது? வலது முட்டியா இடது முட்டியா என்பதே அவருக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஒரு தடவை இதில் தைலம் தேய்ப்பாள், இன்னொரு தடவை அதில். கேட்டால் வலி மாறி மாறி வரும் என்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அடிவயிறு தெரிய அது அந்தரத்தில் நிற்பதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. ஒரு ஆள் விளக்கை அடித்து அடித்துப் பார்த்து இன்னொரு ஆளிடம் என்னமோ சொன்னான், இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். ஏதாவது சொல்லுங்களேன், உடைந்திருக்கிறது, ஓட்டை விழுந்திருக்கிறது, ஏதாவது. பெல்ட் வெடித்திருக்கிறது என்றாவது. பெல்ட் என்றதும் அந்த நினைப்பு வந்துவிட்டது, வரக் கூடாது என்று அவர் வைத்திருந்த நினைப்பு. மில்லில் பெரிய மிஷினுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பதினெட்டு பெல்ட். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், பழசையே ஒட்டுப்போட்டு ஓட்டு, புதுசைத் தரமுடியாது என்று ஒன்பது வருஷம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார். கடைசியில் மிஷின் நின்று, மேனேஜரே வந்து நிற்க, பெருமையோடு பெட்டியைப் பிரித்தார். கையில் எடுத்த பெல்ட் நடுவில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒன்று, இரண்டு, பதினெட்டும். எந்த மிஷினிலும் ஒரு சுற்றுச் சுற்றாமல் அலமாரியிலேயே செத்துப் போயிருந்தது. அதற்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். நியாயமே இல்லாத மெமோ, ரப்பர் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார், இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவார். சரி, அதை விடு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. வண்டி வாங்கிய இரண்டாவது மாசம் சமயபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடலாம் என்று கிளம்பியவர்தானே அவர், பயந்தவரா கிளம்புவார்? எண்பதில் போனார். அரசி பக்கத்தில், மடியில் புளியோதரைத் தூக்கு. அய்யலூருக்கு முன்னால் ஒரு நீள லாரி, இரும்புக் கம்பி ஏற்றியது. ஹாரன் அடித்துவிட்டுத்தான் வலது பக்கம் ஏறினார். பாதி தாண்டியிருப்பார். அந்த லாரி அப்படியே, சைகை இல்லை ஒன்று இல்லை, தூக்கத்தில் புரள்கிற ஆள் மாதிரி இந்தப் பக்கம் சாய்ந்து வந்தது. வலது பக்கம் நடுச்சுவர், அதில் நட்டிருந்த அரளி. இடது பக்கம் அரசியின் ஜன்னல் நிறைய லாரியின் சக்கரம், அதன் போல்ட்டு ஒவ்வொன்றும் தெரிந்தது, எட்டுப் போல்ட்டு, சிவப்புப் பெயின்ட். பக்கக் கண்ணாடி டப்பென்று மடங்கியது. "பாத்துங்க!" என்று அவள் கத்தினாள். எப்படி பிரேக் போட்டார், லாரி எப்படிப் போனது, ஒன்றும் நினைவில்லை. வண்டி முழுக்கப் புளியோதரை. அய்யலூரில் ஓரங்கட்டி டயரைப் பார்ப்பதாகச் சொல்லி இறங்கினார். டயரைப் பிடித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்திருந்தார். பிறகு பாலத்துக்கு அடியில் திரும்பி, முப்பதில் ஊர் வந்து சேர ஒரு மணி நேரம். சமயபுரம் பூஜை அபிராமி அம்மன் கோயிலிலேயே முடிந்தது. கண்ணாடிக் கீறலுக்குக் கல் பட்டது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவளைத்தான் பிடித்துக் கத்தினார். ஓட்டுறவன் பக்கத்துல உக்காந்து பாத்து பாத்துன்னு அலறினா கை ஆடாதா, உன்னாலதான் இன்னைக்கு ரெண்டு பேரும் செத்திருப்போம். அவள் சீட்டுப் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒன்றொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், எல்லாம் செக் பண்ணியாச்சு." ரெஹானா எதிரில் நின்றாள், கையில் அவருடைய சாவி. "ஒண்ணுமே மாத்த வேண்டியதில்ல. ஒரு ரன் மட்டும் போகணும். நாலாவது கியர்ல எழுபதுக்குக் குறையாம, எங்கயும் நிறுத்தாம இருபத்தஞ்சு நிமிஷம். நடுவுல நின்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அதுக்கு உங்க ஆளுங்க இருப்பாங்கல்ல? ஓட்டி அணைச்சுக் குடுங்க."

"குடுக்கலாம் சார். ஆனா நாளைக்கே நீங்க போர்ட்டிகோல ஓடவிடுவீங்க, அடுத்த மாசம் மறுபடி எரியும். அப்ப வடிகட்டியே போயிரும். நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பழகிட்டீங்கன்னா நல்லது. நான் கூட வர்றேன்."

"எனக்குப் பன்னெண்டு மணிக்கு ஒரு வேலை இருக்கும்மா."

"அதுக்குள்ள வந்துரலாம் சார்."

அவர் அடுத்த காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது குவாரிக்காரர் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, ரோட்டுல ஓட்டுறதுக்கு இம்புட்டு யோசனை? குடுங்க சாவிய, நான் ஓட்டிட்டு வர்றேன் நம்ம வண்டிய." நம்ம வண்டி! முறுக்குத் தூளும் மண்வெட்டியும் போட்டு வைத்திருக்கிற அந்தக் கை என் ஸ்டியரிங்கைத் தொடுவதா? உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிய, தெய்வசிகாமணி ரெஹானாவின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

ரோட்டில் ஏறியதும் அவள் மணியைப் பார்த்துக்கொண்டாள். அவர் முள்ளைப் பார்த்தார், நாற்பது, நாற்பத்தைந்து. இன்னும் சார், என்றாள். ஐம்பது. இன்னும் கொஞ்சம் சார். இந்தப் பெண்ணுக்கு அப்பா அம்மா இல்லையா, யாரோ ஒரு ஆளை நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் இன்னும் என்கிறாளே. அறுபது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது, பிளாஸ்டிக்கில் முதுகு ஒட்டியது. எழுபது வந்ததும் வண்டியின் சத்தம் மாறிவிட்டது, போர்ட்டிகோவில் கேட்கிற உறுமல் இல்லை, மூச்சுக்குழாய் அடைப்பு விட்ட மாதிரி ஒரு சீரான ஓசை. மூன்று வருஷமாக இந்தச் சத்தம் உள்ளேயே இருந்ததா? இருந்து என்ன, எனக்குத் தேவையில்லை. ரோடு போட்டவனைச் சொல்ல வேண்டும், இத்தனை அகலமாகப் போட்டால் எவனும் பறக்கத்தான் செய்வான். பஸ் ஒன்று அவரைத் தாண்டிப் போகும்போது வண்டி லேசாக ஆடியது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், ஜன்னலில் அந்த எட்டுப் போல்ட்டு தெரிகிறதா என்று கண் தானாக இடது பக்கம் போய் வந்தது. வடமதுரை போயிற்று. பத்து நிமிஷம் ஆச்சு சார், நல்லாத்தான் ஓட்டுறீங்க, என்றாள். நல்லா ஓட்டுகிறேனாம், சர்ட்டிபிகேட். முன்னால் தூரத்தில் ஒரு நீள லாரி தெரிந்தது. தெரிந்ததும் கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பியது. "குறைக்காதீங்க சார், எழுபது, எழுபது." லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, அதன் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. குறைத்தால் முதலிலிருந்து. குறைக்காவிட்டால் தாண்ட வேண்டும். அய்யலூர் எட்டுக் கிலோமீட்டர் என்று பலகை வந்தது, அந்த இடமேதான். அந்த நேரம் பார்த்து வண்டிக்குள் மணி அடித்தது, எல்லாப் பக்கத்திலிருந்தும். முன்னாலிருந்த திரையில் அரசி என்று எழுத்து. டெலிவரி அன்று விற்றவன் போனை வண்டியோடு சேர்த்து வைத்தது, ஒரு நாளும் ஓடும்போது அடித்ததில்லை. எதை அமுக்குவது என்று தெரியாமல் அவர் கை எழுந்து எழுந்து இறங்க, ரெஹானா உதவி செய்வதாக நினைத்துத் திரையைத் தொட்டுவிட்டாள்.

"என்னங்க," அரசியின் குரல் வண்டி முழுக்க நிறைந்தது. "வண்டி என்ன ஆச்சுன்னு தெரியல, எதுவா இருந்தாலும் கவலைப்படாதீங்க. இப்பதான் பாப்பா பேசினா. அம்மாவுக்கு முட்டி வீங்கிருச்சு, கார்ல மடக்கி உக்கார முடியாது, நாங்க பஸ்ல வந்துட்டு உன்னைய டாக்சி வெச்சுக் கூட்டிட்டு வந்துர்றோம்னு சொல்லிட்டேன். நீங்க பார்ட்டு, சென்னைன்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம். சம்பந்தி கேட்டா என் முட்டியச் சொல்லிருங்க. கேக்குதா?"

பார்ட்டு, சென்னை. அதை அவர் வீட்டில் சத்தமாகச் சொல்லவே இல்லையே, கண்ணாடி முன்னால் முகம் மழிக்கும்போது உதட்டை அசைத்திருப்பாரோ? மணப்பாறை, பழனி, கிரைண்டர் கொண்டுபோன பஸ், கன்னியாகுமரிப் படி, இடது முட்டியில் தைலம், வலது முட்டியில் தைலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் ராத்திரி அவர் புரண்டு படுத்ததும், விடிந்ததும் அவள் வாசல்படியில் உட்கார்ந்ததும். லாரியின் பின்பக்கத்துச் சிவப்பு இப்போது எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"எந்த முட்டி?" என்றார்.

"என்னது?"

"எந்த முட்டிடி வீங்கியிருக்கு? வலதா, இடதா?"

ரெஹானா அவளுடைய பக்கத்து ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"மூணு வருஷமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கே!" அவர் கத்தினார். ஊருக்கே கேட்கிற கத்தல். "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு வருஷம்! உன் தம்பி வீட்டு விசேஷத்துக்குக்கூட! நான் உன்னைத் திட்டித் தீர்த்தேனே, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, நீதானேய்யா பயந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்ன பொம்பளடி நீ?" சொல்லிக்கொண்டே போனபோது குரல் உடைந்தது, கண்ணாடியில் தெரிந்த ரோடு கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு அரசி. கையெல்லாம் நடுங்குது."

"தெரியும்ங்க" என்றாள் அவள் மெதுவாக. பிறகு, "என்ன சத்தம் அது? எங்க இருக்கீங்க நீங்க?"

"அய்யலூர்க்கிட்ட. எழுபதுல போறேன். முன்னாடி ஒரு லாரி, தாண்டணும்."

அந்தப் பக்கம் அவள் மூச்சு நின்றது அவருக்குக் கேட்டது. ஒரு வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்து, அவள் அதை விழுங்குவதும் கேட்டது. மூன்று வருஷமாக அவள் விழுங்கிக்கொண்டிருக்கும் வார்த்தை, அவர்தான் விழுங்க வைத்தது. அவர் ஹாரனை அடித்தார், கண்ணாடியில் பின்னால் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார். அரளிப்பூ பக்கம் நெருங்கி வந்தது.

"சொல்லுடி."

"என்னத்த?"

"அன்னைக்குச் சொன்னியே, அதை."

லாரியின் முதல் சக்கரம் ரெஹானாவின் ஜன்னலுக்கு வந்தது.

"பாத்துங்க" என்றாள் அரசி.

"ம்" என்று சொல்லி, பார்த்துக்கொண்டே, அவர் காலை அழுத்தினார்.